தலைக்காயத்துக்குப் பிறகு: ஐசியூ வாசலில் எனக்கு யாரும் சொல்லாதவை

இதை யாருக்காக எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவருக்குத் தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது, அவர் ஐசியூவுக்குள் கிடக்கிறார், நீங்கள் வெளியே உட்கார்ந்து போனில் ‘கோமாவிலிருந்து எப்போது எழுவார்கள்’ என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான். என் தம்பிக்கு இருசக்கர வாகன விபத்து. அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் எல்லாப் படிவத்திலும் கையெழுத்து என்னுடையது. அப்போது நானும் தேடினேன். கிடைத்ததெல்லாம் ஒன்று அதிசயக் கதைகள், இல்லையென்றால் பாதி புரியாத மருத்துவக் கட்டுரைகள். பிழைப்பான், இல்லாவிட்டால் போய்விடுவான் என்று இரண்டே முடிவுகளுக்குத்தான் நான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். நடுவில் வருடக்கணக்கில் நீளக்கூடிய ஒரு காலம் இருக்கிறது, பணமும் தெம்பும் அதற்குத்தான் அதிகம் தேவைப்படும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. மருந்து, சிகிச்சை பற்றி நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் கேட்பதற்கான கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மண்டைக்குள் அழுத்தத்தை அளக்க ஒரு கம்பி வைத்திருந்தார்கள், மானிட்டரில் அந்த எண் 22ஐத் தாண்டினால் நர்ஸ்கள் ஓடிவருவார்கள். மருந்துக்கு அது இறங்காமல் போனபோது, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வைத்துவிட்டால் வீங்கிய மூளைக்கு இடம் கிடைக்கும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள். அந்த அறுவை மருத்துவர் நேர்மையானவர். “இது உயிரைக் காப்பாற்றும் ஆபரேஷன்மா, மூளையைச் சரிசெய்யும் ஆபரேஷன் இல்லை” என்றார். அப்போது அது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. பின்னால் படித்தேன், 2016ல் வெளிவந்த ரெஸ்க்யூ ஐசிபி என்ற பெரிய ஆய்வு இதைத்தான் சோதித்திருக்கிறது: மருந்துக்கு அடங்காத அழுத்தம் உள்ளவர்களில், இந்த அறுவை செய்யப்பட்டவர்களில் 6 மாதத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 27 சதவீதம், மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் சுமார் 49. ஆனால் உயிரோடு இருந்தும் சுயஉணர்வே வராமல் போனவர்கள் அறுவை செய்த பக்கத்தில்தான் அதிகம், 8.5 சதவீதம், மற்ற பக்கத்தில் 2.1. இது தெரிந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனாலும் தெரிந்து போடுவது வேறு. ‘இதைச் செய்தால் எது மாறும், எது மாறாது’ என்று ஒவ்வொரு படிவத்துக்கும் முன்னால் கேளுங்கள், பதில் சொல்ல அவர்களுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். எடுத்த எலும்பை எங்கே வைக்கிறார்கள் (குளிர்பெட்டியிலோ, சில இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலோ), எப்போது திரும்பப் பொருத்துவார்கள், அதற்குத் தனிச் செலவா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பொருத்தும் வரை அந்தப் பக்கம் மூளைக்கு மேல் தோல்தான் இருக்கிறது. நகர்த்தும்போதும் படுக்க வைக்கும்போதும் எல்லோரும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் வந்தது ஜிசிஎஸ் பைத்தியம். சுயஉணர்வு எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பெண் போட, கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் 1974ல் உருவாக்கிய அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லாதவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. 8ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். நான் காலை, மாலை இரண்டு வேளையும் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, நேற்று 6 இன்று 7 என்றால் சாப்பிடுவேன், நேற்று 7 இன்று 6 என்றால் அழுவேன். தூக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் எண்ணில் பெரிதாக அர்த்தமில்லை என்பதை ஒரு இரவு டியூட்டி நர்ஸ்தான் சொன்னார். தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சுக்கு மதிப்பெண்ணே போட முடியாது. அதனால் மொத்தத்தைக் கேட்காதீர்கள், மயக்க மருந்து நிறுத்தியிருக்கிறதா, கை கால் அசைவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வலி கொடுத்த இடத்தை நோக்கிக் கை போகிறதா, சும்மா மடங்குகிறதா, விறைத்து நீளுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிடி ஸ்கேன் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் அதையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு நரம்பு இழைகள் மூளை முழுக்க ஆங்காங்கே அறுந்திருந்தன, டிஃப்யூஸ் ஆக்ஸோனல் இஞ்சுரி என்பார்கள். அது சிடியில் பெரும்பாலும் தெரியாது. பிறகு எடுத்த எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது ‘இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது’ என்ற வாக்கியம். ஒரு டாக்டர் ரவுண்ட்ஸில் “சின்ன வயசு, வந்துடுவான்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் இன்னொருவர், என் கண்ணைப் பார்க்காமல், “ரொம்ப எதிர்பார்க்காதீங்க, குடும்பமா உட்கார்ந்து பேசிக்கோங்க” என்றார். இருவர் மேலும் கோபம் வந்தது, ‘எதுவும் சொல்ல முடியாது’ என்ற மூன்றாமவர் மேல்தான் அதிகம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் ஒருவர்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, காயம்பட்ட முதல் 28 நாளுக்குள் ‘இவருக்கு வாய்ப்பே இல்லை’ என்ற தொனியில் குடும்பத்தாரிடம் பேசுவதைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. 2021ல் அங்கேயே வந்த டிராக்-டிபிஐ என்ற ஆய்வில், இரண்டு வாரத்தில் சுயஉணர்வே இல்லாமல் கிடந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் சுயஉணர்வு திரும்பியிருந்தது. கடுமையான காயம் என்று பதிவானவர்களில் பாதிக்குச் சற்று மேல் ‘நல்ல நிலை’க்கு வந்தார்கள். இதைப் படித்து நான் துள்ளினேன். பிறகு அந்த நல்ல நிலை என்றால் என்ன என்று பார்த்தால், வீட்டில் ஒரு எட்டு மணி நேரம் தனியாக விடலாம் என்பதிலிருந்து அது தொடங்குகிறது. வேலைக்குப் போவது, வண்டி ஓட்டுவது, பழைய ஆளாக ஆவது எல்லாம் வேறு கணக்கு. எண்ணைப் படித்தால் அதன் வரையறையையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல ஒரே ராத்திரியில் மேலே போய்க் கீழே விழ வேண்டியிருக்கும்.

கண் திறந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கண் திறந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு “என்னைத் தெரியுதாடா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அவன் கண் அம்மாவைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. கோமா பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், ஆனால் உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதற்கு அடையாளமே இருக்காது. அதற்கு அடுத்ததாக, இருந்தும் இல்லாமலும் வந்து வந்து போகும் ஒரு குறைந்த சுயஉணர்வு நிலை. இந்த இரண்டையும் பிரித்தறிவது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம். பெல்ஜியத்தில் நடந்து 2009ல் வெளியான ஓர் ஆய்வில், சுயஉணர்வு இல்லை என்று மருத்துவக் குழு ஒருமனதாக முடிவுகட்டியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு, முறையான சோதனை செய்தபோது கொஞ்சம் சுயஉணர்வு இருந்தது. அந்தச் சோதனையின் பெயர் சிஆர்எஸ்-ஆர். கேட்டு வாங்குங்கள், ஒரு தடவை செய்து முடிவுகட்ட வேண்டாம், வேறு வேறு நேரங்களில் சில தடவை செய்யச் சொல்லுங்கள்.

இதில் வீட்டார் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் டாக்டர் ஐந்து நிமிடம் நிற்கிறார், நீங்கள் நாள் முழுக்க இருக்கிறீர்கள். அந்தச் சோதனையில் பார்வை பின்தொடர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடிதான் பயன்படுத்துகிறார்கள், மற்ற எதையும்விட மனிதர்கள் தங்கள் முகத்தைத்தான் சீக்கிரம் பின்தொடர்கிறார்களாம். நானும் ஒரு கைக்கண்ணாடியை அவன் முகத்துக்கு முன்னால் மெதுவாக இடமும் வலமும் நகர்த்துவேன். ஒரு காலையில் கண் கூடவே வந்தது. மதியம் டாக்டர் வந்தபோது வரவில்லை. “உங்களுக்குத் தோணுதும்மா” என்றார். அடுத்த தடவை வீடியோ எடுத்துக் காட்டினேன், அதற்குப் பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. அதனால் வீடியோ எடுங்கள், நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்னொன்று, கையை அழுத்து என்றதும் அழுத்துவதைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், பச்சைக் குழந்தை விரலைப் பிடிப்பதுபோல அது அனிச்சையாகவும் இருக்கலாம். ‘விடு’ என்று சொன்னால் விடுகிறாரா, ‘கட்டைவிரலைத் தூக்கு’ என்றால் தூக்குகிறாரா, சொல்லாதபோது அதைச் செய்யாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லிவிட்டு ஒரு பத்து நொடியாவது காத்திருக்க வேண்டும். நாம் பொறுமையில்லாமல் அடுத்ததைச் சொல்லிவிடுகிறோம், அடிபட்ட மூளைக்கு முதல் சொல்லே அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும். நாள் முழுக்க டிவியை அலறவிடுவது தூண்டுதல் இல்லை, அது இரைச்சல்.

அவர் கட்டில் பக்கத்தில் நின்று பேசுவதைக் கவனித்துப் பேசுங்கள். 2024ல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், சொன்னதற்கு வெளியில் தெரியும்படி எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர், ‘டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்’ போன்ற கட்டளைகளுக்கு மூளைக்குள் பதில் கொடுத்திருக்கிறார்கள், அது ஸ்கேனிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியிலோ தெரிந்திருக்கிறது. நாலில் ஒருவர். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு “இப்படிக் கிடக்கிறதுக்கு அன்னிக்கே போயிருக்கலாம்” என்றார். அவரை வெளியே அழைத்துப்போய்க் கத்தினேன், அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். அதே நினைப்பு எனக்கும் வந்திருக்கிறது, பல ராத்திரி. உங்களுக்கும் வரும். வந்தால் நீங்கள் கெட்டவர் என்று அர்த்தமில்லை, தூங்கி ரொம்ப நாள் ஆகிறது என்று அர்த்தம்.

நடுவில் ஒரு கட்டம், திடீர் திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும், நாடி 140க்குப் போகும், கை கால் விறைக்கும், ஜுரம் அடிக்கும். கிருமித் தொற்றா, வலிப்பா என்று அலறினேன். இரண்டும் இல்லை என்று சோதனையில் பார்த்துவிட்டு, கட்டுப்பாடு இழந்த தானியங்கி நரம்பு மண்டலத்தின் கூத்து இது என்றார்கள், கடுமையான காயத்தில் வருவதுதானாம், மருந்து உண்டு, காலப்போக்கில் அடங்கும். முன்பே சொல்லியிருந்தால் அந்த ராத்திரிகளில் பாதியைத் தூங்கியிருப்பேன். அமன்டடீன் என்ற மாத்திரையையும் கேள்விப்பட்டுக் கேட்டேன். பழைய மருந்து, பார்க்கின்சனுக்குக் கொடுப்பது. 2012ல் 184 பேரிடம் நடந்த ஆய்வில், கொடுத்த நான்கு வாரமும் அவர்கள் தேறும் வேகம் கூடியிருந்தது, நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்தது. எங்கள் டாக்டர் யோசித்துத் தொடங்கினார். அதனால்தான் தேறினானா, தேற இருந்தவன் தேறினானா என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஐசியூ பில் எங்கள் சேமிப்பை விழுங்கியது, இன்சூரன்ஸ் உச்சவரம்பு ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனது. அது தவிர்க்க முடியாத செலவு. எனக்கு எரிச்சல் வருவது இன்னொரு செலவை நினைத்தால். ஒரு கட்டத்தில் போனில் குடும்பக் குழுவில் அதிசயச் செய்திகள் வரத் தொடங்கின. 19 வருடம் கோமாவில் இருந்தவர் பேசினார் என்று ஒன்று, எல்லோரும் எனக்கே அனுப்பினார்கள். அமெரிக்காவில் டெர்ரி வாலிஸ் என்பவர் 1984ல் விபத்துக்கு ஆளாகி 2003ல் பேசத் தொடங்கியது நிஜம்தான், ஆனால் அவர் அத்தனை வருடமும் கோமாவில் இல்லை, குறைந்த சுயஉணர்வு நிலையில் இருந்தார். அப்படி நடப்பது அபூர்வம் என்பதால்தான் அது உலகச் செய்தி. இந்த ஜோரில் பெரியப்பா ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார், ஸ்டெம் செல் ஊசி போட்டு மூளையை எழுப்புவார்களாம். அப்பா அழுதார், முன்பணம் கட்டினோம். எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் தேறினார்கள், எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள் என்று நான் எழுத்தில் கேட்டதற்கு, நன்றி சொல்லும் வீடியோக்களை அனுப்பினார்கள். எங்கள் டாக்டர் இதற்கு இன்னும் நிரூபணம் இல்லை என்று சொன்னதும் விலகினோம், முன்பணம் திரும்பி வரவில்லை. அது ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பல மாதச் சம்பளம். தேறுவதற்கு உத்தரவாதம் கொடுக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், இந்தக் காயத்தில் உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் கையிலிருப்பதில் ஒரு பங்கை டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்று முதல் வாரத்திலேயே பிரித்து வையுங்கள். கட்டில், காற்று மெத்தை, சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின், டயப்பர், ராத்திரி அட்டெண்டர், தெரபிஸ்ட் எல்லாம் நிற்காத மாதச் செலவு, இன்சூரன்ஸ் இவற்றில் பலவற்றைத் தொடாது.

டிஸ்சார்ஜ் என்றதும் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கழுத்தில் ட்ரக்கியாஸ்டமி என்ற மூச்சுக் குழாய், வயிற்றில் உணவுக் குழாய், சிறுநீருக்குக் குழாய், அவற்றோடு அவனை எங்கள் கையில் கொடுத்து ஒரு மருந்துப் பட்டியலையும் கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தார்களா என்றால், நர்ஸ் ஒரு தடவை செய்து காட்டினார். அது போதாது. கிளம்புவதற்கு முன்னால் சளி உறிஞ்சுவது, குழாயில் ஊட்டுவது, புரட்டிப் போடுவது மூன்றையும் நீங்களே உங்கள் கையால், அவர்கள் பார்க்க, பயம் போகும் வரை செய்யுங்கள், அதற்காக ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. கழுத்துக் குழாய் அடைத்துக்கொண்டாலோ வெளியே வந்துவிட்டாலோ முதல் நிமிடத்தில் என்ன செய்வது என்று எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். ஊட்டும்போதும், பிறகு ஒரு மணி நேரம் போலவும் தலைமாடு 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும், உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், ராத்திரியிலும். காற்று மெத்தை இருந்தாலும். குதிகாலையும் பின்மண்டையையும் மறந்துவிடுகிறோம், புண் அங்கேயும் வரும். கணுக்கால் கீழ்நோக்கி விறைத்துப்போனால் பிறகு நிற்கவைக்கும்போது அதுவே தடையாகிறது, தினமும் மூட்டுகளை அசைப்பதும் மூட்டு மடங்காமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போடுவதும் ‘எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளக்கூடாதவை. என் முதுகு அந்த மாதங்களில் போனதுதான், இன்னும் சரியாகவில்லை. வேலையில் சம்பளமில்லா விடுப்பு தீர்ந்து, கடைசியில் ராஜினாமா செய்தேன்.

அப்புறம் அவன் விழித்துக்கொள்ளத் தொடங்கினான், நான் இதற்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், அது பயங்கரமாக இருந்தது. குழாயைப் பிடுங்கினான், கெட்ட வார்த்தையில் திட்டினான், அம்மாவை அறைந்தான். என் தம்பி வாழ்நாளில் அம்மாவை எதிர்த்துப் பேசாதவன். குழப்பமும் ஆவேசமும் நிறைந்த இந்தக் கட்டம் தேறுவதில் ஒரு படி, புதிதாக எதையும் நினைவில் பதித்துக்கொள்ள முடியாததால் ஒவ்வொரு நிமிடமும் முன்பின் தெரியாத இடத்தில் கண் விழிப்பதாக அவனுக்கு இருந்திருக்கும் என்று தெரபிஸ்ட் விளக்கினார். நடக்காததை நடந்ததாகச் சொல்வான், காலையில் ஆபீஸ் போய்விட்டு வந்தேன் என்பான். பொய் இல்லை, ஓட்டையை மூளை தானே அடைத்துக்கொள்கிறது. வாதாடாதீர்கள். வெளிச்சத்தைக் குறைத்து, பார்க்க வருபவர்களை நிறுத்தி, ஒரே குரலில் சின்ன வாக்கியமாக ‘அடிபட்டுது, வீட்டுல இருக்க, நான் பக்கத்துல இருக்கேன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வலி, மலச்சிக்கல், நிறைந்த சிறுநீர்ப்பை இவற்றாலும் ஆவேசம் கூடும், முதலில் அதைப் பாருங்கள். வலிப்பு வராமல் கொடுக்கும் லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். எங்கள் டாக்டரிடம் கேட்டு வேறு மருந்துக்கு மாறினோம், கொஞ்சம் தணிந்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்து விழுந்தால் கதை மறுபடி முதலிலிருந்து.

இப்போது எழுந்து நடக்கிறான், கைத்தடி வேண்டும். பேசுகிறான். பார்க்க வருகிறவர்கள் பத்து நிமிடம் பேசிவிட்டு “நல்லாத்தானே இருக்கான்” என்று போகிறார்கள். அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவதும், ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பதும், காரணமில்லாத கோபமும், ஒரு வேலையைத் தானாகத் தொடங்க முடியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. இது சோம்பேறித்தனம் இல்லை, முன்மூளைக் காயம். அதைவிடக் கஷ்டம், தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவன் உறுதியாக நம்புவது. அது பிடிவாதமும் இல்லை, காயத்தின் ஒரு பகுதிதான். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சை நிபுணர் இப்படிப்பட்ட இழப்பைப் பற்றி 1970களிலிருந்து ஆராய்ந்து எழுதிவருகிறார், ஆள் எதிரில் இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்தவர் இல்லை, சாவு நடக்காததால் அழுவதற்கும் யாரும் வருவதில்லை. எனக்குப் பழைய தம்பி நினைவுக்கு வரும் நாட்களில் இந்தத் தம்பி மேல் கோபம் வருகிறது, இவன் என்ன செய்வான் பாவம். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றும் மாறாது என்று ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அப்படி இல்லை. வேகம் குறைகிறது, நிற்கவில்லை. இரண்டாம் வருடத்தில்தான் சட்டைப் பித்தான் போடக் கற்றான். ஆனால் இடையில் திடீரென்று பின்னால் போனால், நடை தடுமாறினால், மறுபடி தூங்கி வழிந்தால், ‘அப்படித்தான் இருக்கும்’ என்று விடாதீர்கள். மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு.

காகித விஷயம் ஒன்று பாக்கி. அவன் கணக்கில் பணம் இருந்தது, எங்களால் எடுக்க முடியவில்லை, கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, போனுக்குப் பூட்டு. உயிரோடு இருந்தும் கையெழுத்துப் போட முடியாதவருக்காகக் குடும்பத்தார் செயல்பட எல்லா ஊரிலும் ஏதோ ஒரு சட்ட வழி இருக்கிறது, பெரும்பாலும் நீதிமன்றம் வழியாக, எங்களுக்கு அதற்கு மாதங்கள் ஆயின. எழுந்துவிடுவான், அப்புறம் தேவைப்படாது என்று நினைத்துக் காத்திருக்காமல், ஐசியூவில் இருக்கும்போதே ஒரு வக்கீலிடம் கேளுங்கள். கடன் கொடுத்தவர்களுக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், தெரிவிக்கக் காலக்கெடு இருக்கும். ஸ்கேன் அறிக்கையை மட்டும் வாங்காமல் படங்களையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ முழுதாக வாங்கி வையுங்கள், அடுத்து போகும் ஒவ்வொரு டாக்டரும் கேட்பார். இதையெல்லாம் செய்ய, உங்களைத் தவிர இன்னும் ஒருவராவது வேண்டும். ‘எதாவது வேணும்னா சொல்லு’ என்பவர்களிடம் நான் ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது கேட்டால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவனோடு இரு என்கிறேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு கேட்பதில்லை, மீதிப் பேர் வருகிறார்கள். நான் அந்த நேரத்தில் தூங்குகிறேன்.

இன்று வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டை வண்டிச் சாவி. தினமும் கேட்கிறான், வலிப்பு வந்த சரித்திரம் இருக்கிறது, பார்வையின் ஒரு ஓரம் இல்லை, முடிவெடுக்கும் வேகம் பாதி. நானே மறுத்துக்கொண்டிருந்தவரை நான் எதிரியாக இருந்தேன். அதனால் ஓட்டக்கூடாது என்பதை டாக்டரை விட்டு அவனிடமே சொல்லவைத்து, சீட்டிலும் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். இப்போது டாக்டரைத் திட்டுகிறான். அது எனக்குப் பரவாயில்லை, டாக்டருக்கும் பரவாயில்லையாம்.